யோனாவை மீன் விழுங்கவில்லை என்றால் உயிர்த்தெழுதலும் இல்லையா?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் என் சொல்லில் திருப்பிச் சொல்கிறேன். ஊர்க் கன்வென்ஷனில் பிரசங்கியார், "யோனாவை மீன் விழுங்கினதைச் சரித்திரமாக நம்பாதவன் இயேசு உயிர்த்தெழுந்ததையும் நம்பாதவன்" என்று சொல்லியிருக்கிறார். சென்னையில் உங்களோடு அறையில் இருக்கும் நண்பர், எல்லாமே கட்டுக்கதை என்கிறார். இந்த இரண்டு பேச்சுக்கும் இடையில் மாட்டிக்கொண்டு ஆறு மாதமாக நற்கருணை எடுக்காமல் பின் பெஞ்சிலிருந்தே எழுந்து போய்விடுகிறீர்கள். அம்மாவுக்கு மனவருத்தம். வேதத்தில் உள்ள அற்புதங்கள் அப்படியே நடந்த சரித்திரமா, இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே வார்த்தையில் சொன்னால் எந்தப் பக்கம் சொன்னாலும் பொய்யாகிவிடும். உங்கள் கேள்விக்கு அடியில் வேறொரு பயம் கிடப்பதாக எனக்குப் படுகிறது. ஓலைப்பெட்டியில் ஒரு ஓலையை உருவினால் பெட்டி முழுக்கப் பிரிந்துவிடும் என்ற பயம் அது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். இறையியல் கல்லூரியில் இருபத்தெட்டு வருஷம் எபிரெயுவும் பழைய ஏற்பாடும் கற்றுக்கொடுத்தவன் நான். இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். என் விசுவாசத்தை மறைத்துக்கொண்டு பேசப்போவதில்லை. ஆனால் விசுவாசத்தால் அறிந்ததையும் சரித்திர ஆராய்ச்சியால் அறிந்ததையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டப்போவதும் இல்லை.

அற்புதக் கதை ஒன்று எப்படி உருவாகிறது என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே என் ஆச்சியிடம் கற்றேன். அவளுடைய அம்மா சிறுமியாக இருந்தபோது ஊரில் வாந்திபேதி வந்திருக்கிறது. உபதேசியார் ஒரு சனிக்கிழமை ராத்திரி முழுக்கக் கோயிலில் முழங்காலில் நின்றார், விடியும்போது மணி அடித்தார், அந்த மணிச்சத்தத்துக்குப் பிறகு நம் தெருவில் ஒரு சாவு விழவில்லை என்று ஆச்சி சொல்வாள். எத்தனை தடவை சொன்னாலும் மணி அடிக்கும் இடத்தில் குரல் தழுதழுக்கும். இறையியல் படிக்கிற காலத்தில் விடுமுறைக்குப் போனபோது, கோயில் அலமாரியில் இருந்த பழைய அடக்கப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பூச்சி அரித்த காகிதம், மங்கிய மை. ஐந்து வாரத்தில் பதினாறு அடக்கம், காரணம் எல்லாவற்றுக்கும் வாந்திபேதி. ஓரத்தில் உபதேசியார் கையெழுத்தில் "இராத்திரி ஜெபம்" என்று இரண்டே சொல், பக்கத்தில் தேதி. அந்தத் தேதிக்கு மேலே பதினாலு பெயர், கீழே இரண்டு. அதற்குப் பிறகு பல மாதத்துக்கு அந்த நோயில் யாரும் இல்லை. கீழே இருந்த இரண்டில் ஒன்றுக்குப் பெயர்கூட இல்லை. "ஆண் குழந்தை, வயது 2" என்று மட்டும் இருந்தது.

ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட வேகம். அவள் பதறவில்லை. "அது தெரியும்லா. அந்தப் புள்ள எங்கம்மைக்குத் தம்பி. அன்னைக்கே கெடையில கெடந்த புள்ளைய்யா அது. அதைக் கணக்குல சேக்கமாட்டோம்" என்றாள்.

நான் வகுப்பில் எத்தனையோ கோட்பாடுகளைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் விளக்கியதை அவற்றில் எதுவும் விளக்கவில்லை. ஆச்சி பொய் சொல்லவில்லை. கொள்ளைநோய் உண்மை, ஜெபம் உண்மை, நோய் அடங்கியதும் உண்மை. ஆனால் கதை பதிவேடு எண்ணுகிற மாதிரி எண்ணுவதில்லை. எதற்கு நன்றி சொல்ல வேண்டுமோ அதைச் சுற்றியே எண்ணுகிறது. அதே சமயம், நோய் அடங்கியதற்கு ஜெபம்தான் காரணமா என்ற கேள்விக்கு அந்தப் பதிவேடு பதில் சொல்லாது. எந்தப் பதிவேடும் சொல்லாது. தேதி, இடம், சாட்சி, சாட்சிக்கும் சம்பவத்துக்கும் உள்ள தூரம் இவற்றைத்தான் சரித்திரக்காரன் நிறுத்துப் பார்க்க முடியும். தேவனுடைய கையை நிறுக்க அவனிடம் தராசு இல்லை. இல்லை என்று நிரூபிக்கவும் இல்லை.

நம் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. மணப்பாட்டில் கடலோரப் பாறையில், சவேரியார் தங்கி ஜெபித்ததாகச் சொல்லும் குகையைப் பார்த்திருப்பீர்கள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர் அவர். 1552-இல் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். 1622-இல் ரோமாபுரி அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. பட்டம் கொடுத்த அந்தக் காலத்து எழுத்துகளில், படிக்காத பாஷைகளையெல்லாம் பிறந்த ஊர்ப் பாஷைபோலப் பேசும் வரம் அவருக்கு இருந்ததாக வருகிறது. அவருடைய சொந்தக் கடிதங்களோ வேறு கதை சொல்கின்றன. தமிழ் தெரியாமல் திண்டாடியதையும், இரண்டு பாஷையும் தெரிந்தவர்களைக் கூட்டி ஜெபங்களை மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடம் பண்ணியதையும் அவரே எழுதுகிறார். தம் துணையாளர் மன்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில், விசுவாசப்பிரமாணத்தில் "வேணும்" என்று சொல்லிவந்த இடத்தில் இனி "விசுவாசம்" என்று சொல்லச் சொல்லுங்கள், "வேணும்" என்றால் ஆசைப்படுகிறேன் என்றல்லவா பொருள் என்று திருத்துகிறார். பாஷை வரம் பெற்றவர் செய்கிற வேலை இல்லை இது. தப்பும் தவறுமாகத் தமிழ் கற்று, தப்பு தெரிந்ததும் வெட்கப்படாமல் திருத்திய மனிதரின் வேலை. எனக்கு அந்தக் கடிதத்தில் தெரியும் சவேரியார்தான் பெரியவராகப் படுகிறார்.

அதற்காக அற்புதங்கள் எல்லாம் பின்னால் ஒட்டவைத்தவை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1542 அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து எழுதிய கடிதத்தில், வழியில் ஓர் ஊரில் மூன்று நாள் பிரசவ வேதனையில் கிடந்த பெண், ஞானஸ்நானம் பெற்றதும் பிள்ளை பெற்றாள் என்று அதே சவேரியார் தன் கண்ணால் பார்த்ததாக எழுதுகிறார். அப்படியானால் ஒரே மனிதரைப் பற்றி, உடனே எழுதிய அற்புதமும் இருக்கிறது, எழுபது வருஷம் கழித்து வளர்ந்த அற்புதமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். வேதத்தை வாசிக்கிறவனுக்கும் இதே வேலைதான்.

பழைய ஏற்பாட்டிலிருந்து தொடங்குகிறேன், என் பாடம் அது. யோசுவா 10-இல் சூரியன் கிபியோன்மேல் தரித்து நின்றது. அந்த வசனத்தை நிதானமாக வாசித்தால், "இது யாசேரின் புஸ்தகத்தில் எழுதியிருக்கவில்லையா" என்று அடுத்த வரியிலேயே வரும். அதாவது எழுதினவர் பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு பாட்டை எடுத்துக்காட்டுகிறார். மதுரைக் கோட்டைக் கொடி கோவலனையும் கண்ணகியையும் "வராதீர்கள்" என்று கை காட்டியதாக இளங்கோ பாடியதைப் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதற்குத் தற்குறிப்பேற்றம் என்று பெயரும் வைத்துக்கொண்டோம். இளங்கோ பொய் சொன்னார் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. கொடிக்குக் கை முளைத்ததா என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. போர்ப் பாட்டைப் பாட்டாக வாசிப்பது அவிசுவாசம் ஆகாது. பூமியின் சுழற்சி அன்றைக்கு நின்றது என்று நான் நம்பவில்லை, அந்த வசனம் அப்படி நம்பச் சொல்கிறது என்றும் நினைக்கவில்லை.

யோசுவாவின் ஜனம் ஆர்ப்பரித்ததும் மதில் இடிந்து விழுந்ததாகச் சொல்லும் எரிகோவில் நிலைமை வேறு. கேத்லீன் கென்யன் என்ற ஆங்கிலேய அம்மையார் 1952 முதல் 1958 வரை அங்கே தோண்டினார். அந்தக் கோட்டை நகரம் கி.மு. 1550 வாக்கில் அழிந்தது என்றும், யோசுவாவின் காலமாகப் பெரும்பாலோர் சொல்லும் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் இடிந்து விழுவதற்கு அங்கே மதிலே இல்லை என்றும் கண்டார். காலக்கணக்கை மாற்றிப் பார்ப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் துறையில் பெரும்பான்மை கென்யன் பக்கம். இதை மாணவர்களிடம் மறைக்க எனக்கு மனம் வந்ததில்லை.

சிவந்த சமுத்திரம் பிளந்த கதை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எபிரெயத்தில் "யாம் சூஃப்", நாணல் கடல் என்று சொல்லலாம். சிவந்த கடல் என்பது கிரேக்க மொழிபெயர்ப்பு வழியாக வந்த பெயர். யாத்திராகமம் 14-இல் ஒரு வசனம், கர்த்தர் இராமுழுவதும் பலத்த கீழ்காற்றினால் கடலை ஒதுக்கினார் என்கிறது. அடுத்த வசனமே தண்ணீர் இருபுறமும் மதிலாக நின்றது என்கிறது. சாத்தான்குளம் பக்கத்துத் தேரியில் ஆடிக்காற்றைப் பார்த்தவர்களுக்கு முதல் வசனம் விளங்கும். ராத்திரி இருந்த மணல்மேடு காலையில் வேறு இடத்தில் இருக்கும். இரண்டு வசனமும் ஒரே சம்பவத்தைப் பற்றிய இரண்டு தலைமுறை ஞாபகங்கள் என்பது எங்கள் துறையில் பலர் கருத்து, என் கருத்தும் அதுதான். அடிமைகளாக இருந்த ஒரு கூட்டம் தண்ணீர் அருகே தப்பித்தது, அதை மறக்க முடியாமல் பாட்டாகப் பாடியது என்பது எனக்கு நம்பத்தக்கதாகவே இருக்கிறது. ஆறு லட்சம் ஆண்கள், அவர்களுடைய குடும்பங்கள் என்ற கணக்கு நம்பத்தக்கதாக இல்லை.

கி.மு. 701-ஐ மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள், நண்பரிடமும் காட்டுங்கள். அசீரிய ராஜா சனகெரிப் எருசலேமை வளைத்தான், கர்த்தருடைய தூதன் ஒரே ராத்திரியில் 1,85,000 பேரைச் சங்கரித்தான், ராஜா திரும்பிப் போனான் என்று 2 இராஜாக்கள் 19 சொல்கிறது. சனகெரிப் தானே எழுதிவைத்த களிமண் பட்டயம் கிடைத்திருக்கிறது. யூதா ராஜா எசேக்கியாவின் 46 பட்டணங்களைப் பிடித்தேன், அவனைக் கூண்டுப் பறவையைப்போல எருசலேமில் அடைத்தேன், 30 தாலந்து பொன் வாங்கினேன் என்கிறான். வேதத்திலும் பொன் 30 தாலந்துதான். ஆனால் எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் அவன் சொல்லவில்லை. பிடித்திருந்தால் அதை முதல் வரியில் எழுதியிருப்பான். நகரம் தப்பியது சரித்திரம். ஏன் தப்பியது என்று பட்டயம் வாய் திறக்கவில்லை. தூதன் என்று வேதம் சொல்கிறது. அந்த "ஏன்" விசுவாசத்தின் பேச்சு. சம்பவம் இல்லாமல் அந்தப் பேச்சு எழவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இனி யோனா. மீனை விட்டுவிடுங்கள். நான்கு அதிகாரம், 48 வசனம், அரைமணி நேரம்கூட ஆகாது, ஒரே மூச்சில் வாசியுங்கள். தீர்க்கதரிசி எதிர்த்திசையில் ஓடுகிறான், கப்பலில் இருந்த அந்நியர் ஜெபிக்கிறார்கள், நினிவேயில் மாடும் ஆடும்கூட இரட்டு உடுத்துகின்றன, ஒரு செடி ஒரு நாளில் முளைத்து ஒரு நாளில் பட்டுப்போகிறது. கடைசி வசனம் பதில் இல்லாத கேள்வியாக நிற்கிறது. இராஜாக்கள் புத்தகத்தைப்போல எந்த ராஜாவின் எத்தனையாவது வருஷம் என்று எங்கும் இல்லை. நினிவே ராஜாவுக்குப் பெயர்கூட இல்லை. இது உவமையின் நடை. இயேசுவே யோனாவைச் சொன்னாரே என்று பிரசங்கியார் கேட்பார். நல்ல சமாரியனையும் அவர்தான் சொன்னார், அந்தச் சமாரியனின் ஊரைத் தேடி யாரும் போவதில்லை. நம் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் கற்பனைக் காவியமான இரட்சணிய யாத்திரிகத்தைக் கண்ணீரோடு வாசித்த நம் முன்னோர் யாரும் அந்த யாத்திரிகனின் கல்லறையைக் கேட்கவில்லை. இது இன்றைக்குக் கிளம்பிய குதர்க்கமும் இல்லை. 3-ஆம் நூற்றாண்டில் வேத அறிஞர் ஓரிகன், தேவன் ஒரு தோட்டக்காரனைப்போல ஏதேனில் மரம் நட்டார் என்று எழுத்தளவில் எடுக்கிற பேதை யார் என்று கேட்டிருக்கிறார். அவரைப் பெற்றதும் சபைதான்.

சுவிசேஷங்களுக்கு வருவோம். இங்கே தூரம் குறைகிறது. சிலுவை கி.பி. 30 அல்லது 33. மாற்கு ஏறக்குறைய 70-இல் எழுதப்பட்டது, யோவான் 90-களில். என் ஆச்சி கதைக்கும் வாந்திபேதிக்கும் இருந்த தூரத்தைவிட மாற்கின் தூரம் குறைவு. இயேசு நோயாளிகளைச் சுகமாக்குகிறவர், பிசாசு ஓட்டுகிறவர் என்று அவர் காலத்திலேயே பேர் பெற்றிருந்தார் என்பதை நான் உறுதியானதென்று எண்ணுகிறேன். விசுவாசம் இல்லாத அறிஞர்களிலும் பலர் இதை ஒத்துக்கொள்கிறார்கள். ஒரு காரணம், அவருடைய எதிரிகளே அதை மறுக்கவில்லை. பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலைக்கொண்டு செய்கிறான் என்றுதான் குற்றம் சாட்டினார்கள் (மாற்கு 3). நடக்காத ஒன்றுக்கு யாரும் சூனியம் என்று பேர் வைக்கமாட்டார்கள். யோவான் 5-இல் வரும் ஐந்து மண்டபக் குளம் எருசலேமில் தோண்டி எடுக்கப்பட்டதையும் சிலர் இதற்குச் சான்றாகச் சொல்வார்கள். அது குளத்துக்குத்தான் சான்று, குளக்கரையில் நடந்ததற்கு இல்லை.

கடல்மேல் நடந்ததும், ஐயாயிரம் பேர் சாப்பிட்டதும் வேறு வகை. அப்பம் பெருகியது நான்கு சுவிசேஷத்திலும் உண்டு, அதனால் வெகு பழைய ஞாபகம் ஒன்று அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் சொல்லும் விதம் எலிசா இருபது அப்பத்தால் நூறுபேருக்குக் கொடுத்த கதையின் அச்சில் வார்த்திருக்கிறது. யோவான் வாற்கோதுமை அப்பம் என்று சொல்வதே எலிசாவை நினைவூட்டத்தான். உள்ளே எவ்வளவு சம்பவம், எவ்வளவு அச்சு என்று பிரிக்க என்னால் முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். எல்லோரும் மடியில் ஒளித்துவைத்திருந்த சாப்பாட்டை வெளியே எடுத்தார்கள் என்று விளக்கம் சொல்வார்களே, அதை ஏற்காதீர்கள். நம் அசனப் பண்டிகையில் பந்தி பந்தியாக ஊரே உட்காரும்போது, சோற்றுக் குட்டுவத்துக்குள் எட்டிப் பார்த்து "இன்னும் இருக்கு, உக்காருங்க" என்று பரிமாறுகிறவர் சொல்லும் முகத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த முகத்தைச் சொல்ல வந்த கதை அது. ஒளித்த சாப்பாட்டு விளக்கம் அற்புதத்தையும் கெடுக்கிறது, கதையையும் கெடுக்கிறது.

ஒரு சொல்லையும் கவனிக்க வேண்டும். கானாவூரில் தண்ணீர் திராட்சரசமானதை நம் பழைய மொழிபெயர்ப்பு "முதலாம் அற்புதம்" என்கிறது. யோவான் எழுதிய கிரேக்கச் சொல் "செமேயோன்", அடையாளம். நான்காம் அதிகாரத்தில் "அடையாளங்களையும் அற்புதங்களையும்" என்று வரும் இடத்தில் அதே சொல்லை நம்மவர்களே "அடையாளம்" என்று சரியாகப் பெயர்த்திருக்கிறார்கள். அடையாளம் என்றால் எதையோ காட்டுவது. யோவான் காட்ட வந்தது சாடியில் இருந்த ரசத்தை மட்டும் இல்லை.

உயிர்த்தெழுதலை இவற்றோடு ஒரே கயிற்றில் கட்டியதுதான் உங்கள் பிரசங்கியார் செய்த தவறு. 1 கொரிந்தியர் 15-ஐப் பவுல் கி.பி. 55 வாக்கில் எழுதினார். அங்கே தன் கதையைச் சொல்லவில்லை, "நான் அடைந்ததும் உங்களுக்கு ஒப்புவித்ததும்" என்று தனக்கு முன்பே இருந்த சாட்சியை ஒப்புவிக்கிறார். ஐந்நூறு பேருக்குக் காணப்பட்டார், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வதுபோல. இது பாட்டின் நடையோ உவமையின் நடையோ இல்லை, சாட்சிக்கூண்டின் நடை. சிலுவை மரணம் உறுதி. சீஷர்கள் அவரை உயிரோடு கண்டதாக மனதார நம்பினார்கள், அதற்காகப் பாடுபட்டார்கள் என்பதும் உறுதி. காலிக் கல்லறையைப் பற்றி அறிஞர்களுக்குள் வாதம் உண்டு. அவர்கள் கண்டது என்ன என்ற இடத்தில் சரித்திரம் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் நான் விசுவாசத்தால் போகிறேன். அவர் எழுந்தார் என்று நம்புகிறேன். கன்னிப் பிறப்பை மத்தேயுவும் லூக்காவும் மட்டுமே சொல்கிறார்கள், சரித்திரக்காரன் பிடிக்க அங்கே கைப்பிடி எதுவும் இல்லை.

நண்பரிடம் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். இயற்கை விதிக்கு மாறாக ஒன்று நடந்தது என்பதைவிடச் சாட்சி தவறியது என்பதே எப்போதும் அதிகம் நம்பத்தக்கது என்று ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் ஹியூம் 1748-இல் எழுதினார். நல்ல எச்சரிக்கை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒருபோதும் நடக்காது என்று முதலிலேயே முடிவுசெய்துவிட்டுச் சாட்சியைக் கூப்பிடுவது விசாரணை ஆகாது.

இதையெல்லாம் படிப்பாளிகளின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மா, சுகமளிக்கும் கூட்டம் ஒன்றில் மாத்திரை போடுவது அவிசுவாசம் என்று கேட்டுவிட்டு வந்து சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். நாலு மாதத்தில் வலது பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் நம்பி வந்த வசனங்களில் ஒன்று, சாவுக்கேதுவானதைக் குடித்தாலும் சேதப்படுத்தாது என்ற மாற்கு 16:18. மிகப் பழைய முழுப் பிரதிகளான 4-ஆம் நூற்றாண்டுச் சீனாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் மாற்கு 16:8-ஓடு முடிந்துவிடுகிறது, அந்த வசனமே அவற்றில் இல்லை. எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் போடச் சொன்னார் என்பதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. அதை அந்த அம்மாவுக்கு யாரும் வாசித்துக்காட்டவில்லை. அது இன்றும் என் மனதில் கிடந்து அறுக்கிறது.

நற்கருணை விஷயம். ஆராதனையில் நீங்கள் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப்பிரமாணத்தை ஒரு தடவை வரிவரியாக எண்ணிப் பாருங்கள். அதில் யோனா இல்லை, எரிகோ இல்லை, நின்ற சூரியன் இல்லை, எலிசா தண்ணீரில் மிதக்கவைத்த கோடரி இல்லை. பொந்தியு பிலாத்து இருக்கிறான். ஒரு ரோம அதிகாரியின் பெயரை, செசரியாவில் 1961-இல் கல்வெட்டு கிடைத்த ஓர் ஆளின் பெயரை, சபை வேண்டுமென்றே அதில் வைத்தது. சரித்திரத்தில் கால் ஊன்றும் இடம் எது என்று அங்கேதான் காட்டியிருக்கிறது. மீனைப் பற்றிய உங்கள் சந்தேகம் நற்கருணைப் பந்திக்கு வரத் தடை இல்லை. உயிர்த்தெழுதலைச் சொல்லும் வரியில் குரல் எழவில்லை என்றால், சவேரியார் திருத்துவதற்கு முன் நம் கடற்கரை ஜனம் சொன்ன பழைய சொல் ஒன்று இருக்கிறதே, "வேணும்" என்று, அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டு அம்மாவோடு கோயிலுக்குப் போங்கள். குருவானவரிடம் முன்கூட்டியே பேசுவதென்றாலும் பேசுங்கள். இந்தப் பதிலைக் காட்டினாலும் எனக்குச் சம்மதம்.